பதினெட்டு அடி

ஒரு மீனுக்காக இரண்டு ஆண்கள் இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தார்கள். அதுவும் பிடித்த மீனுக்காக இல்லை, தப்பிப்போன மீனுக்காக.

பிடித்த மீனாக இருந்திருந்தால் ஆளுக்குப் பாதி என்று வெட்டி, சோளமாவில் புரட்டிப் பொரித்து, சண்டையையும் சேர்த்துத் தின்று ஏப்பம் விட்டிருக்கலாம். தப்பிப்போன மீனை என்ன செய்வது? அதற்கு எடை கூடிக்கொண்டே போகும். தப்பிய அன்று பன்னிரண்டு பவுண்டு என்றான் ஹாலிஸ். நன்றி நாள் விருந்துக்குள் அது பதினைந்து ஆகிவிட்டது. போன ஈஸ்டரில் வான்கோழியைவிடப் பெரிதாக இருந்தது. ஏரியில் நிஜமாக இருக்கும் மீன்கள்கூட அவ்வளவு மளமளவென்று வளர்வதில்லை.

ஹாலிஸ் தூண்டிலில் இழுத்துக் கொண்டுவந்த மீனைப் படகோரத்தில் வலையில் வாங்கத் தெரியாமல் தட்டிவிட்டவன் டெல்மர். இது ஹாலிஸ் கட்சி. டெல்மர் கட்சி என்று ஒன்றுமில்லை. அவன் அன்றைக்கு வாயை மூடியவன்தான். ஹாலிஸின் மனைவி வெல்டா, டெல்மருக்குத் தங்கை. ஆக, சண்டை நடந்தது என்னவோ படகில். அதை வைத்துக் குடும்பம் நடத்தியது வெல்டா. அந்த வலையும் அவள் கிறிஸ்துமஸுக்கு ஹாலிஸுக்கு வாங்கித் தந்ததுதான். ஹாலிஸ் அதைக் கார் ஷெட் சுவரில், கொலைக் கேஸில் கைப்பற்றிய கத்தியைப் போல, ஆணியடித்து மாட்டி வைத்திருந்தான்.

இப்படி அடித்துக்கொள்ள அந்த மீன் ஒன்றும் ஆதிகாலத்து மீனும் இல்லை. அரசாங்கம் தொட்டியில் வைத்துப் பிறப்பித்த மீன். தாய், கடலிலிருந்து ஆறேறி வரும் கோடு போட்ட மீன். தகப்பன், ஆற்றோடு கிடக்கும் வெள்ளை மீன். தானாகச் சந்தித்திருந்தால் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அதிகாரிகள் பார்த்து முடித்துவைத்த சம்பந்தம். பிறந்த குஞ்சுகளை லாரியில் கொண்டுவந்து ஏரியில் கொட்டுவார்கள். ஹைப்ரிட் என்று பெயர். உடம்பில் ஓடும் கறுப்புக் கோடுகள்கூட நேராக ஓடாமல் நடுவில் அறுந்து அறுந்து ஓடும். ஆனால் தூண்டிலில் மாட்டிவிட்டால் போதும், ஏழு தலைமுறையாக ஓக்லஹோமாவை ஆண்ட பரம்பரை மாதிரித் திமிறும்.

பிளாக் மியூல் ஏரியில் அதைப் பிடிக்க ஒரு வழி, கொக்கி மாட்டிய பொய்மீன்களைத் தண்ணீருக்குள் விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் படகை ஓட்டி, நாள் முழுக்க இழுத்துக்கொண்டே திரிவது. ட்ரோலிங் என்பார்கள். வேலையில் இருந்த காலத்தில் லாரி ஓட்டி அலுத்துப்போனவர்கள், ஓய்வு பெற்றபின் அதையே தண்ணீரில் செய்வதற்குப் பெயர் பொழுதுபோக்கு. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறதோ அந்த ஆழத்தில் பொய்மீன் ஓடவேண்டும். ஓர் அடி கீழே போனாலும் அது குனிந்து பார்க்காது. ஆகவே ஆழம்தான் எல்லாம். ஆகவே ஆழத்தை எவனும் சொல்லமாட்டான்.

அது அந்த ஏரியின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் நின்று கண்ணீர் மல்கப் பாடுகிற மனிதர், சனிக்கிழமை படகுத்துறையில் கூசாமல் பத்து அடி குறைத்துச் சொல்வார். கேட்டவனும் நம்பமாட்டான். பத்தைக் கூட்டிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போவான். நிஜத்தைச் சொன்னால்தான் அவமரியாதை. துறையில் இரைக்கடை வைத்திருக்கும் பர்ல் இதைப் பற்றி அடிக்கடி ஒரு ஜோக் அடிப்பான்.

"இந்த ஏரில ஒருத்தன் நெஜ ஆழத்தைச் சொல்லிட்டான்னு வைய்யி, ஒண்ணு அவன் சாகப்போறான், இல்ல ஊரைவிட்டுப் போகப்போறான்."

எல்லாரும் சிரிப்பார்கள். வெல்டா மட்டும் சிரிக்கமாட்டாள். பள்ளிக்கூட ஆபீசில் காலமெல்லாம் உட்கார்ந்து, வயிற்றுவலி என்று வந்த பிள்ளைகளின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவள் அவள். தனக்குப் பொய் சொல்லவே வராது என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை அவள் மறைத்ததும் இல்லை. 'நல்லாவா இருக்கு?' என்று புதுச் சட்டையைக் காட்டிக் கேட்ட பெண்கள் அவளிடம் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு இருந்த கவலை வேறு. டெல்மர் ஊரைவிட்டுப் போகிறான். போன குளிர்காலத்தில் பனியில் வாசற்படியில் வழுக்கி விழுந்து, அரை நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. தூக்கிவிட ஆளில்லை. அரிசோனாவில் இருக்கும் மகள், இனி நீ தனியாக இருக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று வீட்டை விற்க வைத்துவிட்டாள். வரும் திங்கட்கிழமை பயணம். இது வெல்டாவுக்குத் தெரியும். ஹாலிஸுக்குத் தெரியாது.

"அவன்கிட்ட மூச்சு விடாத" என்று டெல்மர் சத்தியம் வாங்கியிருந்தான். "போறானேன்னு பாவம் பாத்து வந்து பேசினான்னா, அது என்ன பேச்சு? எனக்கு வேண்டாம் அந்தப் பிச்சை."

இப்படியே போய்விட்டான் என்றால், அடுத்து இவர்கள் சந்திப்பது ஒருவன் பெட்டிக்குள் படுத்திருக்கும்போதுதான். நிற்கிறவன் அப்போது மூக்கைச் சிந்திச் சிந்தி என்ன பிரயோசனம்? அதை நினைத்து வெல்டாவுக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பையன்கள். கல்யாணத்துக்கு முன்பு ஹாலிஸ் அவளைப் பார்க்க வருகிற சாக்கில் டெல்மரைப் பார்க்க வந்தானா, அல்லது மாற்றித்தானா என்பது அவளுக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய பிறந்தநாள். என்ன வேண்டும் என்று ஹாலிஸ் கேட்டான். டெல்மரும் போனில் கேட்டான். இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே படகுல என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும். நான்தான் ஓட்டுவேன். வேற எதுவும் வேண்டாம்."

"அவன்கூட நான் பேச வேண்டியதில்லையே?" என்றான் ஹாலிஸ்.

"அவன்கிட்ட நான் பேச வேண்டாம்ல?" என்றான் டெல்மர்.

"பேசவே வேண்டாம். சும்மா உக்காந்திருங்க. அதான் ரெண்டு பேருக்கும் நல்லா வருதே."

விடிகிற நேரத்துக்குத் துறைக்குப் போனார்கள். ஹாலிஸின் படகைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலிருக்கும் திரைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் போருக்குப் போகிற கப்பல் என்று நினைக்கத் தோன்றும். ஒரு திரை மீனைக் காட்டும், ஒரு திரை தரையைக் காட்டும், இன்னொன்று என்ன காட்டுகிறதென்று ஹாலிஸுக்கே தெரியாது. டெல்மர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இரண்டு தூண்டில் கழிகளும், ஒரு கேக் பெட்டியும், தொட்டில் அகலத்துக்கு ஒரு புதிய வலையுமாக வந்து நின்றான்.

ஹாலிஸ் வலையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். வெல்டாவிடம் திரும்பினான்.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, நாம மீன் பிடிக்கப் போறோம். குதிரை பிடிக்க இல்ல."

"உன் புருஷன்கிட்டச் சொல்லு, அவன் பிடிக்கிற மீனுக்கு டீ வடிகட்டி போதும். இது எனக்கு."

"ரெண்டு பேர் சொன்னதும் ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு" என்றாள் வெல்டா. "ஏறுங்க."

டெல்மர் ஏறும்போது கால் தடுமாறியது. ஹாலிஸின் கை தானாக நீண்டது. நீண்ட கை நடுவழியில் ஏதோ நினைவு வந்தாற்போல் நின்று, கொசுவை விரட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. ஜூன் மாதத்துக் கொசுக்கள் அப்படித்தான், சமயம் பார்த்து உதவிக்கு வரும்.

ஏரி அசையாமல் கிடந்தது. வெல்டா ஸ்டியரிங்கைப் பிடித்துப் படகை மெதுவாக விட்டாள். வலப்பக்கம் ஹாலிஸின் கழிகள், இடப்பக்கம் டெல்மருடையவை. இருவரும் ஈயக்கம்பி உள்ளே ஓடும் கனமான நூலைத்தான் பயன்படுத்துவார்கள். அந்த நூலுக்குப் பத்து கஜத்துக்கு ஒரு நிறம். எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணினால் பொய்மீன் எத்தனை அடி கீழே ஓடுகிறதென்று தெரிந்துவிடும். நூலை விடுகிற நேரத்தில் அடுத்தவன் பார்க்காதபடி முதுகைக் காட்டிக்கொள்வதும் இந்த ஏரியின் வழக்கம்தான். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஹாலிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எவ்வளவு ஆழத்துல விட்டிருக்காராம், கேளு."

கேட்பதற்கு அவசியமில்லாமல் டெல்மரே வெல்டாவைப் பார்த்துச் சொன்னான். "பதினெட்டு அடி."

ஹாலிஸ் மூக்கால் சிரித்தான். முப்பது வருடம் கூடப் படகில் போனவனிடமே கதை விடுகிறான். பதினெட்டு என்றால் இருபத்தெட்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நூலை இன்னும் இறக்கி, இருபத்தெட்டுக்குக் கொண்டுபோய், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஜெயித்தவன் மாதிரி உட்கார்ந்தான்.

டெல்மரின் கழி வளைந்தது.

நல்ல மீன். டெல்மர் தானே இழுத்து, தானே வலையில் அள்ளி, தண்ணீர்ப் பெட்டிக்குள் போட்டான். ஹாலிஸ் அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் ஒரு கொக்கை மிக ஆர்வமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். கொக்கு பறந்துபோனபின்பும் ஆராய்ச்சி தொடர்ந்தது.

வெல்டா படகை வளைத்துத் திருப்பி மறுபடி பழைய பாலத்தின் தூண்கள் பக்கம் விட்டாள். டெல்மரின் கழி மறுபடி வளைந்தது. ஹாலிஸின் கழிகள், பக்திக் கூட்டத்தில் நிற்கிறவர்களைப் போல அசையாமல் நின்றன. கேக் வெட்டினார்கள். தேங்காய் கேக். டெல்மர் இரண்டு துண்டு தின்றான். ஹாலிஸ், 'யார் செய்தது?' என்று கேட்டு, டெல்மர் என்று தெரிந்ததும் சர்க்கரை வியாதி ஞாபகம் வந்து வைத்துவிட்டான். பொலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சை மட்டும், அது வெல்டா செய்தது என்பதால், கோபத்தோடு மென்றான்.

"உன் புருஷன்கிட்டச் சொல்லு" என்றான் டெல்மர், "அவன் பொய்மீனுக்குக் கீழ ஏதாச்சும் நண்டு கிண்டு இருந்தா கடிக்கும். மீன் எல்லாம் மேல நிக்குது."

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லு, அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் வித்தியாசம் உண்டுன்னு."

"தெரியுமே. திறமை இருக்கறவன் எல்லாம் கொக்கு பாப்பான்."

வெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் இத்தனை வார்த்தை செலவழித்ததில்லை, நடுவில் தான் ஒரு தபால்பெட்டியாக நின்றாலும் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்றாவது மீனை டெல்மர் இழுக்கும்போது ஹாலிஸ் ஷூ லேஸ் கட்டக் குனிந்தான். அவன் போட்டிருந்தது லேஸ் இல்லாத ரப்பர் பூட்ஸ். குனிந்த இடத்திலிருந்து டெல்மரின் நூல் உள்ளே வருவதை எண்ணினான். உதடு அசைந்ததை வெல்டா பார்த்தாள். மஞ்சளில் பாதி. பச்சை. நீலம். சிவப்பு. அவ்வளவுதான், பொய்மீன் மேலே வந்துவிட்டது. மூன்றரை நிறம். நிறத்துக்கு ஐந்து அடி. அரை அடி முன்னே பின்னே, பதினெட்டு அடி.

ஹாலிஸ் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தான். மறுபடி எண்ணுவதுபோல அவன் விரல்கள் மடங்கின. நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. வெல்டாவைப் பார்க்கவில்லை. நேராக டெல்மரைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தபால்பெட்டி வழியாக இல்லாமல் கேட்டான்.

"எங்க போற?"

டெல்மர் மீனிலிருந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவசரப்படவில்லை.

"பீனிக்ஸ். மக வீட்டுக்கு."

"எப்ப?"

"திங்கக்கெழம."

"எந்தத் திங்கக்கெழம?"

"ஞாயித்துக்கெழமைக்கு அடுத்து வருமே, அது."

ஹாலிஸ் வெல்டாவின் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லக்கூடாதுன்னு சத்தியம்."

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றான் ஹாலிஸ். குரல் உயர்ந்தது. "ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நாளை மறுநாள் போறவன் இன்னிக்கி வந்து கேக் திங்கிறான். பாலைவனம்டா அது! அங்க போய் என்னத்தப் பிடிப்ப? பல்லியா?"

"கத்தாத. மீன் ஓடும்."

"ஓடட்டும்! இங்க எல்லாமே ஓடத்தானே போகுது!"

கத்தியவன் சட்டென்று உட்கார்ந்துவிட்டான். மோட்டார் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வெல்டா கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே அழுதாள். வெயில் காலத்தில் அது ஒரு வசதி.

"அப்புறம்" என்றான் டெல்மர், ஏரியைப் பார்த்தபடி. "நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப எவனோ என் வாசப்படிக்குக் கைப்பிடி வச்சுட்டுப் போயிருக்கான். அவ்வளவு கேவலமான வெல்டிங்கை நான் என் ஆயுசுல பாத்ததில்ல. குருட்டுப்பய எவனோ."

"இருட்டுல பண்ணினா அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு ஹாலிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓ. இருட்டா?"

"அப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்றேன். எனக்கென்ன தெரியும்."

"வீட்டை வாங்கினவன் அதைப் பிடுங்கிடலாமான்னு கேட்டான். பிடுங்கினா வீட்டையே தரமாட்டேன்னுட்டேன்."

ஹாலிஸ் தன் கழியை எடுத்தான். நூலைச் சுற்றி உள்ளே இழுத்தான். முதுகைக் காட்டாமல், எல்லாரும் பார்க்க, மூன்றரை நிறம் விட்டு நிறுத்தினான். வெல்டா படகைத் திருப்பி, பாலத்தின் தூண்களுக்குத் தெற்கே, டெல்மர் மூன்று மீன் எடுத்த அதே பாதையில் கொண்டுபோனாள்.

கழி வளையவில்லை, அடித்துக் குனிந்தது. நுனி தண்ணீருக்குள் போயிற்று. கழியைத் தாங்கியிலிருந்து பிடுங்கவே ஹாலிஸுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. நூல் கத்திக்கொண்டு ஓடியது. நிறம் நிறமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"இது அதுதான்!" என்றான் ஹாலிஸ். "அதேதான்!"

"அதுக்கு உன்னைப் பாத்ததுல சந்தோஷம் போல" என்றான் டெல்மர். ஆனால் கைத்தடியைப் போட்டுவிட்டு வலையோடு எழுந்து நின்றுவிட்டான்.

மீன் கீழே போயிற்று, படகுக்கு அடியில் போயிற்று, மறுபக்கம் வந்து டெல்மரின் நூல்களைச் சுற்றிக்கொள்ளப் பார்த்தது. டெல்மர் ஒற்றைக்கையால் தன் கழிகளைத் தூக்கி வழிவிட்டான். ஹாலிஸ் வியர்த்தான், திட்டினான், கர்த்தரைக் கூப்பிட்டான். ஹைப்ரிட் மீனுக்கு வாரிசு கிடையாது, யாருக்கும் எதையும் மிச்சம் வைக்கவேண்டிய அவசியமும் கிடையாது. உள்ளதை எல்லாம் அங்கேயே செலவழித்துச் சண்டை போட்டது. கடைசியில் வெள்ளிப் பக்கம் மேலே தெரியக் களைத்துப் படகோரத்துக்கு வந்தது. ஹாலிஸ் சொன்ன அளவுக்கெல்லாம் இல்லை. ஆனாலும் மீன்தான், பெரிய மீன்.

"நியூட்ரல்ல போடு!" என்று ஹாலிஸ் கத்தினான்.

வெல்டா போட்டாள். படகு நின்றது. டெல்மர் வலையைத் தண்ணீருக்குள் இறக்கினான். அப்போது ஹாலிஸின் இடது கை கழியை விட்டுவிட்டுச் சட்டைப்பைக்குள் போயிற்று. போன். படம் எடுக்க. கழியைப் பிடித்திருந்த வலது கை கனம் தாங்காமல் தாழ்ந்தது. விறைப்பாக இருந்த நூல் தொய்ந்து தண்ணீரில் படுத்தது. மீனின் உதட்டோரத்தில் நூலிழையில் நின்ற கொக்கி, இதோ என்று சாய்ந்தது.

டெல்மர் வலையை அசைக்கவில்லை. தொய்ந்த நூலைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான். கெஞ்சவில்லை, குற்றம் சொல்லவில்லை. இதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவனின் பார்வை அது.

வெல்டாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றைக்கும் இதேதான். இதே கை, இதே சட்டைப்பை. கொக்கி கழன்ற அதே வினாடி வலை போய் முட்டியிருக்கும். போனிலிருந்து தலையை நிமிர்த்திய இந்த மகானுக்கு வலை மட்டும் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு வருடமாக அண்ணனுக்கு இது தெரியும். இரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

யோசிக்க நேரமில்லை. அவள் லீவரை ஒரு விரல் முன்னால் தள்ளினாள்.

படகு ஒரு குலுங்கு குலுங்கி முன்னே நகர்ந்தது. நூல் விறைத்தது. ஹாலிஸ் பின்னால் சாய்ந்து சீட்டில் விழுந்தான். போன் அவன் கையை விட்டு எழும்பி, அழகாக ஒரு சுற்று சுற்றி, ஏரிக்குள் போயிற்று. டெல்மர் வலையை ஒரே வீச்சில் மீனுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். மீன் படகுக்குள் விழுந்து தடதடவென்று அடித்துக்கொண்டது. விழுந்த வேகத்தில் கொக்கி தானாகவே கழன்று தனியாகக் கிடந்தது.

"யாருடி உன்னை ஆக்சிலேட்டர அழுத்தச் சொன்னது!" என்று ஹாலிஸ் சீட்டிலிருந்து கத்தினான்.

"கை தவறிடுச்சு" என்றாள் வெல்டா.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. பொய். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

ஹாலிஸ் மண்டியிட்டு மீனைப் பார்த்தான். கழன்று கிடந்த கொக்கியைப் பார்த்தான். காலியான கையைப் பார்த்தான். அவன் புத்தி மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். ட்ரோலிங் வேகம். அவன் முகத்தில் ஏதோ ஒன்று நகர ஆரம்பித்ததை வெல்டா பார்த்தாள்.

"அன்னிக்கி..." என்றான் ஹாலிஸ். "அன்னிக்கும் நான் போனை எடுக்கத்தான்..."

தன் மேலும் தப்பு இருக்கலாம் என்று அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வர வெல்டா இரண்டு வருடம் காத்திருந்தாள். முடிக்கட்டும், முழுசாக முடித்து, அண்ணன் காலில் விழட்டும் என்று நினைத்தாள். ஆனால் அவன் முகம் சரிந்துகொண்டே போயிற்று. கிழவன் முகமாகிவிட்டது. இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள், காலியாகக் கிடந்த இடப்பக்கத்து சீட்டு, பனியில் கிடந்தவனைத் தூக்கப் போகாத காலைப்பொழுது, எல்லாம் வரிசையாக அவன் மேல் வந்து இறங்கப் போகின்றன. அதைச் சுமந்துகொண்டு அவன் திங்கட்கிழமைக்குப் பிறகு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வலைதான்டா" என்றான் டெல்மர் சட்டென்று.

"என்ன?"

"அந்தப் பழைய வலை. வாய் சின்னது. அதுல எந்த மீன் நுழையும்? நானும் ரெண்டு வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன். உன் மேலயும் தப்பில்ல, என் மேலயும் தப்பில்ல. இன்னிக்கிப் பாரு, பெரிய வலை, அலுங்காம வந்துடுச்சு."

சொல்லிவிட்டு மெல்லத் தங்கையைப் பார்த்தான். ஹாலிஸும் பார்த்தான். முங்கப்போகிறவன் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிற பார்வை.

கடையிலிருந்த வலைகளிலேயே பெரியதையும் நல்லதையும் பார்த்து, கடைக்காரனை ஏணி போட்டு ஏறி எடுக்கச் சொல்லி வாங்கியவள் வெல்டா. கம்பி கனமானதா என்று வளைத்துப் பார்த்தாள். முடிச்சு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அதைவிட யோசித்து அவள் யாருக்கும் எதுவும் வாங்கவில்லை.

"ஆமா" என்றாள். "மலிவா கெடச்சுதேன்னு எடுத்தேன். பெருசு பக்கத்துலயேதான் இருந்துச்சு. வலைதானே, எதா இருந்தா என்னன்னு நெனச்சேன்."

"அதானே பாத்தேன்" என்றான் ஹாலிஸ். பெரிதாக மூச்சு விட்டான். முகம் பழையபடி நிமிர்ந்தது. நிமிர்ந்ததோடு நிற்கவும் இல்லை. "வலை வாங்கறதுன்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வாய் அகலம் பாக்கணும், ஆழம் பாக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்" என்று டெல்மர் ஒத்து ஊதினான்.

"ரெண்டு வருஷம், மச்சான். ஒரு மட்ட வலையால ரெண்டு வருஷம் போச்சு."

மச்சான். அந்த வார்த்தை அந்தப் படகில் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. டெல்மர் கேக் பெட்டியை நீட்டினான். ஹாலிஸ் இரண்டு துண்டு தின்றான். சர்க்கரை வியாதிக்கு அதற்குள் என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

மதியம் துறைக்குத் திரும்பினார்கள். பர்ல் கடைக்கு வெளியே தன் படகுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து விசிலடித்தான். இருவரும் ஒரே படகிலிருந்து இறங்குவதைப் பார்த்து இன்னொரு விசிலடித்தான். பிறகு, எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"எவ்வளவு ஆழம்?"

"பதினெட்டு அடி" என்றான் ஹாலிஸ். "மூணரை நிறம். பழைய பாலத்துத் தூணுக்குத் தெக்கால."

பர்ல் வாயைத் திறந்து சிரித்தான். "ஆழம் மட்டும் இல்ல, எடமும் சேத்தா? உனக்கு என்னடா ஆச்சு? டாக்டர் ஏதாச்சும் சொன்னானா? இல்ல ஊரைவிட்டுப் போறியா?"

"நான் எங்கயும் போகல" என்றான் ஹாலிஸ். "எனக்கு இனிமே அது தேவைப்படாது, அவ்வளவுதான்."

வெல்டா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கயிற்றைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தான். கட்டின முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ட்ரோலிங்குக்கு ஒருத்தன் ஓட்ட வேண்டும், ஒருத்தன் கழியைப் பார்க்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. அதைத்தான் சொல்கிறான். டெல்மர் கேட்காத மாதிரி, தன் டிரக் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

பர்ல், பதினெட்டு என்றால் இருபத்தெட்டு என்று கணக்குப் போட்டு, பாலத்துக்கு வடக்கே கிளம்பிப் போனான். அன்றைக்கு அவனுக்கு ஒரு மீன் செதில்கூடக் கிடைக்கவில்லை.

டெல்மர் தன் கழிகளை டிரக்கில் போட்டான். வலையை மட்டும் திரும்பக் கொண்டுவந்து ஹாலிஸின் படகுக்குள் வைத்தான்.

"பாலைவனத்துல எனக்கு எதுக்கு? நீ வச்சுக்க."

"நான் மட்டும் வச்சுக்கிட்டு? மீனை இழுக்கறப்ப இதை யாரு பிடிப்பா?"

"அதான் வெல்டா இருக்காளே. நல்லாத்தானே ஓட்டுறா. வலையும் பிடிப்பா."

ஹாலிஸ் வெல்டாவை மேலும் கீழும் பார்த்தான். கண் ஓரம் சிவந்திருந்தது. அதை மறைக்க அவனுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"இவளா?" என்றான். "வலை பிடிக்கவா? மச்சான், இவளுக்கு வலையை வாங்கவே தெரியாதேடா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, டிரக்கின் மேல் சாய்ந்துகொண்டு, இருமி இருமிச் சிரித்தார்கள். இந்தக் கதையைத் தான் சாகும்வரை ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும் கேட்கப்போகிறோம் என்று வெல்டாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொல்வதற்கு வாயில் பதில் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காக இன்னும் பத்து வலையை மலிவாக வாங்கியதாகச் சொல்லவும் அவள் தயாராக இருந்தாள்.